கூடவே வந்தவன் செய்யும் துரோகத்தை, கேம் விளையாடுபவர் நம்பும்படி எழுதுவது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சேர்வராயன் மலை மாதிரி ஒரு மலைநாட்டில் நடக்கும் 18+ ஃபேன்டசி கேமுக்குக் கதை எழுதுகிறீர்கள். முதல் காட்சியிலிருந்து கூடவே வரும் மலை வழிகாட்டி, கோட்டைக்கு ஏறும் கடைசிப் பாதையில் கதாநாயகியை எதிரியிடம் பிடித்துக் கொடுக்கிறான். காரணம், ஒரு மூட்டை பொற்காசு. விளையாடிப் பார்த்த நண்பர்கள் எல்லோரும் "திடீர்னு ஏன் இப்படி மாறுறான்?" என்கிறார்கள். அதை எப்படிச் சரிசெய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சேலத்தில் உட்கார்ந்து வெளியூர்க் கம்பெனிகளுக்கு கேம் வசனம் எழுதிப் பிழைக்கிறவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பொற்காசு போதாதுதான். அதற்காக அதைவிடப் பெரிய காரணம் தேடி ஓடாதீர்கள். எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்வது அதுதான்: வழிகாட்டியின் அம்மாவைக் கொல்வார்கள், ஊரை எரிப்பார்கள், பிடித்துக் கொடுத்த பிறகு அவனைப் பத்து நிமிஷம் பேசவிட்டு அதையெல்லாம் சொல்ல வைப்பார்கள். எவ்வளவு பெரிய காரணமானாலும், நடந்து முடிந்த பிறகு வாயால் சொன்னால் அது சால்ஜாப்பு மாதிரிதான் கேட்கும். அந்தக் காரணம் முன்னாலேயே விளையாடுபவரின் கை வழியாகப் போயிருக்க வேண்டும். அவர் அதைத் தொட்டிருக்க வேண்டும், ஆனால் அது இன்னதென்று அப்போது தெரிந்திருக்கக் கூடாது. கதை படிக்கிறவருக்கும் கூத்துப் பார்க்கிறவருக்கும் கிடைக்காத வசதி இது. கேம் ஒன்றில்தான் உண்டு.

சங்ககிரிக் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1805இல் தீரன் சின்னமலையைத் தூக்கில் போட்ட இடம். அவரைக் காட்டிக்கொடுத்தது அவருடைய சமையல்காரன் என்று நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஏன் காட்டிக்கொடுத்தான்? வெள்ளைக்காரன் காசு கொடுத்தான், அவ்வளவுதான். யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை, கேட்கத் தோன்றுவதும் இல்லை. ஏனென்றால் அந்தக் கதை சின்னமலையின் கதை. நாம் அந்த அடுப்படியில் உட்கார்ந்து அவன் கையால் சாப்பிட்டதில்லை. உங்கள் கேமில் நிலைமை வேறு. நாற்பது மணி நேரம் அவனோடு நடந்து, அவன் மூட்டிய தீயில் குளிர் காய்ந்து, அவன் காயத்துக்குக் கட்டுப் போட்டவர் அந்த விளையாட்டுக்காரர். அவரிடம் போய் "காசுக்காக" என்றால் ஏற்க மாட்டார். அதே சமையல்காரனை கேமில் கொண்டுவருவதாக இருந்தால் நான் முதலில் யோசிப்பது அவனுக்கு எவ்வளவு காசு கிடைத்தது என்பதை இல்லை. தலைவர் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவப் போகும்போது அவனிடம் என்ன பேசினார், பேசினாரா இல்லையா என்பதைத்தான்.

இன்னொரு உதாரணமும் நம்மூர் வழியாகவே வருகிறது. சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் வாசல் வளைவைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் 1950இல் எடுத்த 'மந்திரி குமாரி'க்கு அடிப்படை குண்டலகேசிக் கதை. கொலைக்களத்துக்குப் போய்க்கொண்டிருந்த திருடன் ஒருவனைப் பார்த்து ஒரு பணக்காரப் பெண் ஆசைப்படுகிறாள். அப்பா அவனை மீட்டுக் கட்டிவைக்கிறார். ஒருநாள் ஊடலில், விளையாட்டாக, "நீ கள்வன்தானே" என்று சொல்லிவிடுகிறாள். அந்த ஒரு சொல்தான். அவன் அவளை மலை உச்சிக்குக் கூட்டிப்போய்க் கொல்லப் பார்க்கிறான். அவள் கடைசியாக மூன்று முறை சுற்றி வந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்று கேட்டு, பின்னால் போய் அவனையே தள்ளிவிடுகிறாள்.

இந்தக் கதையில் பேராசையும் கிடையாது, பழைய பகையும் கிடையாது. உயிர் கொடுத்தவளே அந்தச் சொல்லைச் சொன்னாள், அதுவும் சிரித்துக்கொண்டே சொன்னாள் என்பதுதான் அவனைச் சுட்டது. இதை அப்படியே ஒரு வசனத் தேர்வாக யோசித்துப் பாருங்கள். முகாமில் ராத்திரி. திரையில் மூன்று பதில்கள். அதில் ஒன்று நல்ல நக்கல், படித்தாலே சிரிப்பு வரும். பாதிப் பேர் அதைத்தான் அமுக்குவார்கள். வழிகாட்டியும் சிரிப்பான். இசை மாறாது, எச்சரிக்கை எதுவும் வராது. பத்து மணி நேரம் கழித்து மலை உச்சியில் அதே நக்கலை அவன் வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்னால் போதும், மேற்கொண்டு ஒரு வரி விளக்கமும் உங்களுக்குத் தேவைப்படாது.

பெரிய கேம்களில் நன்றாக வந்த துரோகங்களைப் பார்த்தால் இந்த வேலைதான் நடந்திருக்கும். டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் (2009) விளையாடியிருப்பீர்கள். ஆஸ்டகார் போரில் கோபுரத்தில் ஏறிச் சைகைத் தீயை மூட்டுவது நாம். அந்தத் தீயைப் பார்த்ததும் தளபதி லோகெய்ன் படையோடு பாய வேண்டும். அவன் பார்க்கிறான், படையைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறான். அரசன் கேலன் சாகிறான். நம் கை மூட்டிய தீ என்பதால்தான் வயிற்றில் அடித்த மாதிரி இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் நடந்த போர் ஆலோசனையிலேயே லோகெய்ன், ஆர்லே நாட்டுப் படை உதவிக்கு வேண்டும் என்ற பேச்சை அரசன் எடுத்ததும் எரிந்து விழுகிறான். ஆர்லேக்காரர்கள் ஒரு காலத்தில் அந்த நாட்டையே ஆக்கிரமித்து வைத்திருந்தவர்கள், அவர்களை விரட்டப் போராடியவன் அவன். ஒரு சின்ன முறைப்பில் காரணம் முழுவதும் நம் காதில் விழுந்துவிட்டது. நாம்தான் சண்டை எப்போது வரும் என்று அவசரப்பட்டு அதைத் தாண்டிப் போயிருப்போம்.

டிராகன் ஏஜ் 2 (2011) இன்னும் ஒரு படி மேலே போனது. நம்மோடு கூடவே வரும் மந்திரவாதி ஆண்டர்ஸ், தன் உடம்புக்குள் இருக்கும் ஆவியைப் பிரிக்க மருந்து செய்வதாகச் சொல்லி, சில பொருட்களைத் தேடி எடுத்துத் தரச் சொல்கிறான். அப்புறம் கோயில் தலைவியிடம் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடு என்கிறான். நாமும் செய்கிறோம். எல்லா கேமிலும் இதுபோலப் பத்து வேலை செய்து பழகியவர்கள்தானே நாம். கடைசியில் அந்தக் கோயிலே வெடித்துச் சிதறுகிறது. சிலர் அவனை அங்கேயே கொன்றார்கள், சிலர் விட்டார்கள். ஆனால் "இது திடீர்னு வந்தது" என்று சொல்ல ஒருவருக்கும் வாய் இல்லை. பொருளைச் சுமந்து வந்ததே நாம்.

மந்திரம் போட்டு ஆட்டுவித்தார்கள் என்பது துரோகத்துக்கு இருப்பதிலேயே மலிவான காரணம் என்பது என் எண்ணம். பாத்திரத்துக்கு ஆசையோ தேர்வோ இல்லாமல் போய்விடும். பால்டர்ஸ் கேட் 2 (2000) மட்டும் அதில் தப்பித்தது. கூடவே வந்து காட்டிக்கொடுக்கும் யோஷிமோ மந்திரக் கட்டில் இருந்தவன், கடைசியில் செத்துப் போகிறான். பிறகு அவன் இதயத்தை எடுத்துப் போய் ஒரு கோயிலில் கொடுத்தால் அவனுக்கு விடுதலை. அதைச் செய்வதா, வேண்டாமா என்ற கேள்வி நம்மிடம் வருகிறது. அங்கேயும் வேலை செய்வது விளையாடுபவரின் கைதான்.

சரி, உங்கள் வழிகாட்டிக்கு வருவோம். பொற்காசை எடுத்துவிட்டு முன்பணம் வையுங்கள். கொலுசுப் பட்டறை, விசைத்தறி என்று எங்கள் ஊர்ப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ், வேலை செய்யச் செய்யக் குறையாமல் அப்படியே நிற்கும். பணம் அடைகிறவரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. காசு ஆசை காட்டி ஒருவனைத் துரோகியாக்குவதைவிட, காசு கட்டிப்போட்ட ஒருவன் துரோகியாவது ரொம்பவே நம்பக்கூடியது. மலைக்கு ஏற்றபடியும் மாற்றலாம். ஏற்காட்டுக்குக் காபி வந்தது 1820களில், கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்தது. அதன் பின்னால் எஸ்டேட்டுகள் வந்தன, வேலி வந்தது. உங்கள் கற்பனை மலையிலும் அப்படி ஒரு தோட்டத்துரை வந்து, வழிகாட்டியின் தாத்தா நடந்த பாதைக்கு இப்போது பூட்டுப் போட்டிருக்கிறார் என்று வையுங்கள். அவன் தம்பி அந்தத் துரையிடம் முன்பணத்துக்கு நிற்கிறான்.

இதில் விளையாடுபவரின் கை எங்கே? கதையின் முதல் கால்பாகத்தில் ஒரு குகையில் நகை கிடைக்கட்டும். பங்கு பிரிக்கும் காட்சி வரட்டும். வழிகாட்டி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கட்டும், காரணம் சொல்லாமல். கொடுக்கலாம், பாதி கொடுக்கலாம், "பேசினது பேசினதுதான்" என்று சொல்லிவிடலாம். அந்த நேரத்தில் நல்ல வில் ஒன்று கடையில் விற்பனைக்கு இருக்க வேண்டும், அதன் விலையும் ஏறக்குறைய அதே தொகையாக இருக்க வேண்டும். எத்தனை பேர் வில் வாங்குவார்கள் என்று நினைக்கிறீர்கள்? நானாக இருந்தால் வாங்குவேன். பிறகு அந்த வில்லை ஒவ்வொரு சண்டையிலும் அவன் பார்த்துக்கொண்டே வருவான்.

கூடுதலாகக் கொடுத்தவருக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அவருக்கு துரோகம் நடக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் வேறு மாதிரி நடக்க வேண்டும். ஆரிஜின்ஸில் செவ்ரான் நம்மைக் கொல்ல அனுப்பப்பட்டவன், நாம் உயிரோடு விட்டுக் கூட்டிவருகிறோம். பிறகு அவன் பழைய கூட்டாளி தேடி வரும்போது, அதுவரை நாம் அவனை எப்படி நடத்தினோம் என்பதைப் பொறுத்து நம் பக்கம் நிற்பான், இல்லை எதிர்ப்பக்கம் போவான். உங்கள் வழிகாட்டியும் பணம் வாங்கியவன் என்றால் முந்தின ராத்திரியே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். தம்பி இன்னும் துரையின் பிடியில்தான் இருக்கிறான், விடிந்தால் பாதையைக் காட்டியே ஆக வேண்டும். இப்போது முடிவு கதாநாயகியுடையது. இந்த வடிவம்தான் எனக்குப் பிடித்தது, எழுதுவதற்குக் கஷ்டமானதும் இதுதான்.

ஒரு சில்லறை விஷயம், ஆனால் தவறவிட்டால் எல்லாம் கெடும். அவன் போகும்போது விளையாடுபவர் தேடித் தேடி மாட்டிவிட்ட கவசத்தையும் வாளையும் எடுத்துக்கொண்டு போகவிடாதீர்கள். எடுத்துப் போனால் கோபம் அவன்மேல் வராது, உங்கள்மேல் வரும். பொருளை மடித்து முகாமில் வைத்துவிட்டுப் போகட்டும். அதுவே அவனைப் பற்றி ஒரு காட்சி பேசுவதைப் பேசிவிடும்.

18+ என்பதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கதாநாயகியும் வழிகாட்டியும் ஒன்றாக இருக்கும் இரவை வைக்கலாமா என்று. தாராளமாக. ஆனால் பின்னால் "அதெல்லாம் நடிப்பு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நடிப்பு என்று சொன்ன அந்த நிமிஷமே அவன் முன்னால் பேசியது மொத்தமும் பொய்யாகிவிடும், விளையாடுபவருக்கு அவன்மேல் யோசிக்க எதுவும் மிஞ்சாது. டிராகன் ஏஜ்: இன்க்விசிஷனில் (2014) கூடவே வந்து காதலித்த சோலஸ் விட்டுப் போனதை இன்றும் பேசுகிறார்கள் என்றால், காரணம் இதுதான்: அவன் காதல் உண்மை, அவன் திட்டமும் உண்மை, இரண்டையும் விட அவனால் முடியவில்லை. பெரியவர்களுக்கான கதை என்று நான் நினைப்பது இதைத்தான், ரத்தமும் படுக்கையும் பதினாறு வயதுப் பையனும் எழுதிவிடுவான். எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் முறைக்காகச் சார்பதிவாளர் ஆபீசில் அண்ணனுக்கு எதிராகச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள், சாயங்காலம் அதே அண்ணன் மகள் சீருக்குத் தட்டுத் தூக்கியிருக்கிறார்கள். இரண்டும் மனசாரத்தான்.

மாற்றி எழுதிய பிறகு மறுபடி விளையாடக் கொடுப்பீர்கள் அல்லவா, அப்போது "நம்பும்படி இருந்ததா" என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். வழிகாட்டியைப் பற்றிப் பேச்சை மட்டும் எடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். கோட்டைப் பாதையில் பிடித்துக் கொடுத்ததை முதலில் சொன்னால் இன்னும் வேலை பாக்கி. "அந்த வில்லை நான் வாங்கியிருக்கக் கூடாது" என்று ஆரம்பித்தால், அந்தக் காட்சியில் அதற்கு மேல் கைவைக்காதீர்கள்.