டவுன் எட்டு கிலோமீட்டரில் இருக்கும்போது ஊருக்குள் உயர்நிலைப் பள்ளி எதற்கு?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஊர் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தச் சொல்லி மனு எழுதுகிறார்கள். எட்டு கிலோமீட்டரில் டவுன், அங்கே நல்ல பள்ளிகள். ஒன்பதாவதும் பத்தாவதும் ஊருக்குள்ளேயே இருந்தால்தான் என்ன, இல்லாவிட்டால்தான் என்ன?

யாருக்கு எட்டு கிலோமீட்டர் என்பதுதான் விஷயம். எங்கள் வீட்டில் அப்பா அந்தத் தூரத்தைத் தாண்டினார். அத்தையால் முடியவில்லை.

எங்கள் ஊர் சாத்தூர் பக்கம், கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்தியும் கம்பும், பொய்த்தால் தீப்பெட்டி ஆபீஸ். (தீப்பெட்டித் தொழிற்சாலையை நாங்கள் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். "எங்க வீட்டுல எல்லாரும் ஆபீஸ் போறாங்க" என்று யாராவது சொன்னால் வெளியூர்க்காரர்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள்.) அப்பா 1973இல் பழைய பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. எழுதினார். அதற்காக டவுன் ஹைஸ்கூலுக்குத் தினமும் நடை. காட்டு வழியே குறுக்கே போனால் ஏழு கிலோமீட்டர், மழைக்காலத்தில் கரிசல் மண் காலில் அப்பிக்கொண்டால் அது பத்துக்குச் சமம். இங்கிலீஷில் போய், அக்டோபரில் மறுபடி எழுதி பாஸானார்.

அத்தை அவரைவிட ஆறு வயது இளையவர். 1976இல் எட்டாம் வகுப்பு முடித்தார், வகுப்பில் அவர்தான் முதல். அந்த வருடமே வயதுக்கும் வந்துவிட்டார். ஒன்பதாவதுக்கு அனுப்பலாமா என்று வீட்டில் பேச்சே எழவில்லையாம். தாத்தா ஒன்றும் மோசமானவர் இல்லை. ஒரு பெண்பிள்ளை தனியாகக் காட்டு வழியே ஏழு கிலோமீட்டர் போய்வருவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். அடுத்த வாரமே அத்தை ஆபீஸுக்குக் கட்டை அடுக்க (தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகும் வேலை) போய்விட்டார்.

இதில் எனக்கு இன்றும் ஆறாத ஒன்று உண்டு. ஆபீஸ் பஸ் விடிவதற்கு முன்பே ஊருக்குள் வந்து ஆரன் அடிக்கும். தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகள் தூக்குவாளியோடு ஏறுவார்கள். இருட்டிய பிறகு கொண்டுவந்து இறக்கிவிடும். அதே டவுன்தான். ஹைஸ்கூல் வாசலைத் தாண்டித்தான் பஸ் போகும். அத்தை இதைக் கோபமாகக்கூடச் சொல்ல மாட்டார், சிரித்துக்கொண்டே சொல்வார்: "அந்த பஸ்ஸுல ஏத்தி அந்தப் பள்ளிக்கூடத்துல எறக்கி விட்டிருக்கலாம்ல?"

ஹைஸ்கூல் ஏன் டவுனிலேயே நின்றுவிட்டது என்று பார்த்தால் கதை பின்னால் போகிறது. அந்தக் காலத்தில் மிஷன்காரர்கள், ஜமீன்கள், சமூக அமைப்புகள் என்று கையில் காசு இருந்தவர்கள், ஆள் கூடும் இடத்தில் தொடங்கிய பள்ளிகளே அதிகம். பக்கத்து விருதுநகரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கிப் பள்ளி நடத்தினார்கள். காமராஜர் படித்ததும் அங்கேதான், அதையும் பாதியில் விட்டவர். அவர் 1954இல் முதல்வரானதும் ராஜாஜி முந்தின வருடம் கொண்டுவந்திருந்த அரை நாள் பள்ளித் திட்டத்தைக் கைவிட்டார். 1956இல் மதிய உணவு. கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்த, ஊர்க்காரர்கள் நிலம், பெஞ்சு, கரும்பலகை என்று கொடுத்தார்கள். எங்கள் ஊரில் அப்போது வந்த மர பீரோ ஒன்று நான் படிக்கும்போதும் இருந்தது, கதவு மட்டும் மூடாது. ஆனால் அந்த அலையில் கிராமத்துக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் ஐந்தாவது வரைக்கும்தான், கொஞ்சம் பெரிய ஊர் என்றால் எட்டாவது. அதற்கு மேல் படிக்க நடக்க வேண்டியிருந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு 1984இல் பதினைந்து வயது வரை நீண்டபோதும் சாப்பாடு பள்ளியில்தானே இருந்தது, அந்தப் பள்ளி எங்களுக்கு டவுனில்.

எங்கள் ஊர்ப் பள்ளி தரம் உயர்ந்தது 1990இல், நான் எட்டாவது முடித்த வருடம். அப்போது இடமும் ஊர்ப் பங்காக ஒரு தொகையும் கொடுத்தால்தான் கோப்பு நகரும். கோயில் கொடைக்கு வரி போடுவது மாதிரி தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று போட்டார்கள். பணம் எளிதாகச் சேர்ந்துவிட்டது. இடம்தான் இரண்டு வருடச் சண்டை. ஊருக்குள்ளா, காலனிப் பக்கமா என்று இழுத்து, கடைசியில் இரண்டுக்கும் நடுவே கண்மாய்க் கரையோரம் முடிந்தது. யாரும் பெரிய மனதோடு அப்படி முடிவெடுக்கவில்லை, வேறு இடம் கிடைக்கவில்லை. ஆனால் அதனால்தான் காலனிப் பிள்ளைகள் ஊர்த் தெருவைக் கடக்காமலே பள்ளிக்கு வர முடிந்தது. அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. இதனால் சாதி போய்விட்டதா என்றால் இல்லை. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் கையில் கட்டும் கயிற்றின் நிறத்துக்கு இன்றும் அர்த்தம் இருக்கிறது.

பள்ளியும் ஒன்றும் சொர்க்கம் இல்லை. முதல் வருடம் பாதிக்கு மேல் கணக்கு வாத்தியாரே கிடையாது, அறிவியல் டீச்சர்தான் சமாளித்தார். பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை வர மேலும் நாலு வருடம் ஆனது. எங்கள் முதல் செட்டில் 26 பேர் பத்தாவது எழுதி 9 பேர் பாஸ். டவுன் பள்ளி ஆசிரியர்கள் சிரித்தார்கள்.

நான் சொல்ல வருவது அந்த 26இல் 11 பேர் பெண்கள் என்பதை. அதற்கு முன் எங்கள் ஊரில் பத்தாவது வரை போன பெண்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். என் தங்கை மூன்று வருடம் கழித்து அதே பள்ளியில் பாஸானாள். அத்தைக்குப் பதினேழில் கல்யாணம், தங்கைக்கு இருபத்து இரண்டில். "படிக்கிற பிள்ளை" என்ற ஒரு பதில் கையில் இருந்தால் மாப்பிள்ளை வீட்டாரைத் தள்ளிப்போட முடிந்தது. 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தில் பிற்பாடு பத்தாவது கேட்க ஆரம்பித்ததும், படிப்பில் அக்கறையே இல்லாத அப்பாக்கள்கூட "பத்தாவதை முடிச்சிரட்டும்" என்றார்கள். காரணம் எதுவாக இருந்தால் என்ன.

இன்று தங்கை சத்துணவு அமைப்பாளர். அந்த வேலைக்குப் பத்தாவது வேண்டும். அவளோடு படித்த ஒருத்தி மகளிர் குழுக் கணக்கு எழுதுகிறாள், வங்கி மேலாளரிடம் வட்டிக் கணக்கு கேட்டுச் சண்டை போடுகிறாள். ஒரு பையன் கண்டக்டர், ஒருவர் குரூப் 4 எழுதித் தாலுகா ஆபீஸில். பட்டா மாறுதலுக்கு மனு எழுதிக்கொடுக்க இப்போது யாருக்கும் இருபது ரூபாய் அழுவதில்லை. கோயில் கொடைக்கு ஃபிளெக்ஸில் வருவது வெளிநாட்டில் இருக்கும் இரண்டு இன்ஜினியர்கள் படம். ஊரிலேயே தங்கிய இவர்கள் படம் வராது. என்னைக் கேட்டால் அந்தப் பள்ளிக்குச் செலவழித்த காசு திரும்பி வந்தது இவர்கள் வழியாகத்தான். அந்த இன்ஜினியர்கள் எப்படியும் டவுனில் விடுதி பிடித்துப் படித்திருப்பார்கள்.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். இப்போது மஞ்சள் வேன் வீட்டு வாசலுக்கே வருகிறதே என்று நீங்கள் கேட்கலாம். வரும், கட்டணம் கட்டுபவர் வாசலுக்கு. அதனால் மனுவில் கையெழுத்துப் போடுங்கள். அதற்கு முன் தலைமை ஆசிரியரிடம் போய், கடந்த ஐந்து வருடத்தில் எட்டாவது முடித்த பெண்பிள்ளைகளின் பட்டியலை வாங்கி, ஒவ்வொருவரும் இப்போது எங்கே என்று வீடு வீடாக விசாரித்து எழுதி மனுவோடு இணையுங்கள். டவுன் பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை நாள் வராமல் போகிறது என்பதையும் சேருங்கள். 2009இல் வந்து, 2018இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு சேர்க்கப்பட்ட அனைவருக்கும் இடைநிலைக் கல்வித் திட்டத்தின் இலக்கே 5 கிலோமீட்டருக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி என்பதாகத்தான் இருந்தது. நீங்கள் சொல்லும் டவுன் எட்டில் இருக்கிறது. அந்த எண்ணை முதல் வரியிலேயே போடுங்கள். கழிப்பறையையும் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், பிறகு என்றால் எங்களைப் போல நாலு வருடம் காத்திருக்க வேண்டும்.