91 நாளோடு இ.எஸ்.ஐ. பணம் நின்றுவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 39. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். தினக்கூலி 600 ரூபாய். நவம்பர் கடைசியில் வலது மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு கீமோவில் மூன்று முடிந்திருக்கின்றன, அதன்பிறகு கதிர்வீச்சு. இதுவரை இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) நாளுக்கு 420 ரூபாய் வந்தது. 91 நாள் முடிந்ததும் அதுவும் நின்றுவிடும் என்று கம்பெனி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். மேலாளர் இரக்கப்பட்டு, "பாதி நாள் வந்து உட்காருங்கள், வருகைப் பதிவு வேண்டாம், கையில் 300 ரூபாய் தருகிறோம்" என்கிறார். கணவருக்கு நிரந்தர வேலை இல்லை. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். வேலைக்குப் போகலாமா? பக்கத்து வீட்டு ஏஜெண்ட் இப்போதே ஒரு கேன்சர் பாலிசி எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: நிற்காது. சொல்லப்போனால், கூடும்.

உங்கள் அலுவலகத்தில் சொன்னது பாதி உண்மை. காய்ச்சல், முதுகுவலி போன்ற சாதாரண நோய்களுக்கு இ.எஸ்.ஐ. தரும் நோய்க்கால உதவித்தொகை ஆண்டுக்கு 91 நாளோடு முடிந்துவிடும். கூலியில் 70 சதவீதம் என்பதால்தான் உங்களுக்கு 420 ரூபாய் வந்தது. ஆனால் நீண்டகால நோய்கள் என்று 34 நோய்களை அவர்கள் தனியே பட்டியலிட்டிருக்கிறார்கள். அதில் புற்றுநோயும் உண்டு. அந்த நோயாளிகளுக்கு 91 நாள் தீர்ந்தபிறகு 'நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவித்தொகை' தொடங்குகிறது. அதன் விகிதம் 80 சதவீதம். உங்களுக்கு நாளுக்கு 480 ரூபாய். மருத்துவ நிலையைப் பார்த்து இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிக்க இடமுண்டு. 1955 முதல் கோவை வட்டாரத்தில் இருந்துவரும் திட்டம் இ.எஸ்.ஐ. இன்றும் கம்பெனி அலுவலகங்களில் 91 என்ற எண்ணைத் தாண்டி யாருக்கும் தெரிவதில்லை என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. காப்பீட்டுக்கு உட்பட்ட வேலையில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும்; அந்த நான்கு சந்தாக் காலங்களில் (ஒரு சந்தாக் காலம் என்பது ஆறு மாதம்) குறைந்தது 156 நாளுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆறு ஆண்டு வேலை பார்த்த உங்களுக்கு இது பெரிய காரியமில்லை என்று தோன்றும். ஆனால் உங்கள் ஊரில் ஒரு சிக்கல் அடிக்கடி வருகிறது. கான்ட்ராக்டர் மாறும்போது புதிதாக ஒரு காப்பீட்டு எண் போட்டுவிடுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெண்ணின் கைப்பையில் மூன்று இ.எஸ்.ஐ. அட்டைகள் இருந்தன, மூன்றிலும் வேறு வேறு எண். எட்டு ஆண்டு உழைத்தவர், கணக்குப்படி ஏழு மாத ஊழியர். பழைய எண்களை ஒன்றாக இணைத்த பிறகுதான் அவருக்குப் பணம் வந்தது. உங்கள் எண்ணுக்கு எத்தனை நாள் சந்தா ஏறியிருக்கிறது என்பதை இ.எஸ்.ஐ. இணையதளத்தில் பார்க்கலாம். மகளிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவாள்.

இப்போது மேலாளர் சொன்ன ஏற்பாட்டுக்கு வருகிறேன். அவர் மனது நல்லது, கணக்குத்தான் தப்பு. இ.எஸ்.ஐ.யில் பாதி நாள் என்று ஒன்று கிடையாது. கூலி வாங்கி வேலை செய்த எந்த நாளுக்கும் உதவித்தொகை இல்லை. முறைப்படி பாதி நாள் போனீர்களானால் 300 ரூபாய் கூலி வரும், 480 ரூபாய் உதவித்தொகை போகும். கீமோ உடம்போடு நான்கு மணி நேரம் செக்கிங் மேசையில் நின்று, 180 ரூபாய் நட்டத்தோடு வீடு திரும்புவீர்கள்.

வருகைப் பதிவு இல்லாமல் போனால் இரண்டும் கிடைக்குமே என்று யாராவது சொல்லக்கூடும். அந்தப் பக்கமே போகாதீர்கள். வேலை செய்துகொண்டே, செய்யவில்லை என்று காட்டி உதவித்தொகை வாங்குவது தண்டனைக்குரிய குற்றம். வாங்கியதையும் திருப்பிக் கட்ட வேண்டிவரும். பதிவில்லாத ஒரு நாளில் கம்பெனியில் உங்களுக்கு அடிபட்டால், அன்று நீங்கள் அங்கே இருந்ததற்கே சான்று இருக்காது. மேலாளருக்கு நன்றி சொல்லிவிட்டு, அந்த நல்ல மனதை வேறொன்றுக்குச் சேமித்து வையுங்கள். என்னவென்று பின்னால் சொல்கிறேன்.

சரி, முழு நாளே போனால்? ஒவ்வொரு கீமோவுக்கும் பிறகு மூன்றாவது வாரத்தில் பலருக்கு உடம்பு ஓரளவு தெளிந்துவிடும். அந்த வாரத்தில் ஆறு நாள் போவதாக வைத்துக்கொள்வோம். கூலி 3,600. வீட்டில் இருந்தால் அதே ஆறு நாளுக்கு 2,880. வித்தியாசம் 720 ரூபாய். கூலியிலிருந்து இ.எஸ்.ஐ. சந்தா 27 ரூபாய் போகும். முழுக் கூலிக்கும் பி.எஃப். பிடித்தால் அது 432. கையில் மிஞ்சுவது 261 ரூபாய். பி.எஃப். உங்கள் சேமிப்புத்தான், தொலைந்துபோகாது. ஆனால் இந்த மாத அரிசிக்கு ஆகாது. ஆட்டோவுக்கும் வெளிச் சாப்பாட்டுக்கும் கொடுத்தால் 261-ம் கரைந்துவிடும். போதாததற்கு, போகும்முன் மருத்துவரிடம் வேலைக்குத் தகுதி என்று இறுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும், அடுத்த கீமோவுக்கு மறுபடி புதுச் சான்றிதழில் தொடங்க வேண்டும். பணத்துக்காக என்றால், போகாதீர்கள் என்பதே என் பதில். ஆனால் எல்லோரும் பணத்துக்காக மட்டும் வேலைக்குப் போவதில்லை. நாலு பேரோடு பேசி இருந்தால் நோயை மறக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றினால், மருத்துவர் சம்மதித்தால், முறையாகச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு தாராளமாகப் போங்கள். அது உங்கள் விருப்பம், அதில் நான் தலையிட மாட்டேன்.

முழுமையாக எப்போது திரும்புவது? உங்கள் கணக்குப்படி ஏப்ரலில் கீமோ முடிகிறது. கதிர்வீச்சு மே, ஜூன் என்று போகும். உடம்பு ஒத்துழைத்தால் ஜூலை முதல் தேதியைக் குறிவையுங்கள். காரணம் இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம். அதில் 78 நாளுக்குச் சந்தா இருந்தால்தான், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை சாதாரண நோய்க்கால உதவித்தொகைக்கு உரிமை. மாதம் 26 நாள் என்றால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதத்தில் சரியாக 78 வருகிறது. ஒரு நாள் விடுப்புக்கும் இடமில்லாத கணக்கு என்பது உண்மைதான். முடியவில்லையென்றால் இதற்காக உடம்பை வருத்திக்கொள்ள வேண்டாம். அடுத்த ஆண்டு முதல் ஆறு மாதத்துக்குக் கையிருப்பு சற்றுக் கூடுதலாக வேண்டும் என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

மேலாளரின் நல்ல மனது அப்போதுதான் வேண்டும். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால், அந்தப் பக்கத்துக் கை வீங்கும் வாய்ப்பு உண்டு. உங்களுக்கு வலது கை. கட்டுக்கட்டாகத் துணி தூக்கி மேசையில் போடும் வேலை அதற்கு ஆகாது. உட்கார்ந்து அளவு பார்ப்பது, பேக்கிங் கணக்கு எழுதுவது போன்ற வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். எதைத் தூக்கக்கூடாது என்பதை அறுவை செய்த மருத்துவரிடமே எழுதி வாங்கி, கோரிக்கையோடு இணைத்துக் கொடுங்கள். வாய்வார்த்தை, மேலாளர் மாறினால் மறைந்துவிடும்.

இடையில் யாராவது, "ராஜினாமா கொடுத்தால் பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுக்கலாம்" என்று யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வேலையில் இருப்பதுதான் உங்கள் சிகிச்சைக்கும் உதவித்தொகைக்கும் வேர். உதவித்தொகை பெறும் காலத்தில் நோயைக் காட்டி உங்களை நீக்க முதலாளிக்கு உரிமையில்லை. நீங்களாகக் கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். அவசரம் என்றால் நோய்க்காகப் பி.எஃப். முன்பணம் கேட்க வழியிருக்கிறது, வேலையை விடத் தேவையில்லை.

கேன்சர் பாலிசி வேண்டாம். நோய் கண்டறிந்த பிறகு எடுக்கும் பாலிசி பொதுவாக அந்த நோய்க்குப் பணம் தராது; நோயை மறைத்து எடுத்தால், கட்டிய பிரீமியமும் வீண். ஏஜெண்டுக்கு மட்டும் கமிஷன் கிடைக்கும்.

91-வது நாள் வரும்வரை காத்திருக்காமல், இந்த வாரமே இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். பயாப்ஸி அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, கீமோ அட்டவணை மூன்றிலும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், இ.எஸ்.ஐ. மருத்துவர் பார்த்து ஒப்புதல் தர அவை தேவைப்படும். வங்கிப் புத்தகத்தில் உங்கள் பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒரே எழுத்தில் இருக்கின்றனவா என்று கிளம்பும்முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இனிஷியல் மாறியதற்காக மட்டும் இரண்டு மாதம் பணம் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும்.