அமெரிக்கப் பிரதியில் அந்தக் குரல் எங்கே?

அமெரிக்காவில் அச்சான உங்கள் 'பம்ப் அப் த வால்யூம்' நடனப் பாட்டு இசைத்தட்டில், லண்டன் நண்பர் வீட்டில் கேட்ட அந்த முனகல் குரல் இல்லை என்கிறீர்கள். ஊசியை மாற்ற வேண்டாம்; தட்டிலேயே அது இல்லை.

1987இல் இந்தப் பாட்டை உருவாக்கிய மார்ஸ் குழு, அதன் பிரிட்டிஷ் ரீமிக்ஸில் (மாற்றிக் கலந்த வடிவத்தில்) பாடல் தயாரிப்பாளர்களான ஸ்டாக், ஐட்கன், வாட்டர்மேன் மூவரின் 'ரோட்பிளாக்' பாடலிலிருந்து சில விநாடிக் குரலை எடுத்து ஒட்டியது. மூவரும் நீதிமன்றத் தடை வாங்கினார்கள். தட்டின் விநியோகம் சில நாள் முடங்கியது. வெளிநாட்டுப் பதிப்புகளில் அந்தக் குரல் இராது என்ற உறுதியின்பேரில் வழக்கு ஓய்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், 'ரோட்பிளாக்'கே எழுபதுகளின் பழைய ஃபங்க் (ஒருவகை நடன இசை) தட்டுபோல வேடமிட்டு, பெயர் போடாமல் நடன கிளப்புகளுக்குப் போன பாட்டு!

வாங்குவதானால் பிரிட்டிஷ் 12 அங்குல ரீமிக்ஸாகப் பாருங்கள். அதற்கு முன் வந்த முதல் மிக்ஸில் அந்தக் குரல் கிடையாது.