சுதையும் வெண்கலமும் – கடிதம்

வணக்கம்.

நான் நியூஜெர்சியில் கணினித்துறையில் பணியாற்றுகிறேன். சென்ற மாதம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கறுப்பின ஓவியர் ஜேக்கப் லாரன்ஸின் இடப்பெயர்வு ஓவியங்களை, தென்மாநிலங்களிலிருந்து வடக்கே குடிபெயர்ந்த கறுப்பின மக்களைப் பற்றிய வரிசையை, பார்த்தேன். வீடு திரும்பி அவரைப் பற்றிப் படித்தபோது, அவரை ஆளாக்கியவர்களுள் ஒருவர் அகஸ்டா சாவேஜ் என்ற பெண் சிற்பி என்று அறிந்தேன். ஆனால் சாவேஜின் சிற்பங்களில் பெரும்பாலானவை இன்று இல்லையாம். கறுப்பினக் கலையை முன்னிறுத்துவதற்காகத் தம் கலையையே தியாகம் செய்தவர் என்று அவரைப் புரிந்துகொள்கிறேன். அந்தத் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? அதற்கு இத்தனை பெரிய விலை தேவைதானா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் ‘தியாகம்’ என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கையில் இருப்பதை விட்டுக்கொடுப்பதுதான் தியாகம். சாவேஜின் கையில் விட்டுக்கொடுக்கும்படி ஏதேனும் இருந்ததா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அவர் 1892இல் புளோரிடா மாநிலத்தின் கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸில் பிறந்தவர். ஊரில் தாராளமாகக் கிடைத்த செங்களிமண்ணில் சிறு வயதிலேயே வாத்துகளைச் செய்து பழகினார். மெதடிஸ்ட் போதகரான தந்தைக்கு உருவம் சமைப்பது பாவம். தன்னிடமிருந்த கலை முழுவதையும் அவர் அடித்தே விரட்டப் பார்த்தார் என்று சாவேஜ் பின்னாளில் சொன்னதுண்டு. 1921இல் நியூயார்க்குக்கு வந்து, கட்டணம் இல்லாத கூப்பர் யூனியன் கல்லூரியில் சேர்ந்தார். சலவை நிலையங்களில் வேலை செய்து குடும்பத்தையும் காப்பாற்றினார். (‘சாவேஜ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் காட்டுமிராண்டி என்று பொருள். இரண்டாம் கணவர் வழியாக வந்த அந்தப் பெயரை மணமுறிவுக்குப் பிறகும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அதில் ஒரு குறும்பு இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.)

1923இல் பிரான்சின் ஃபோந்தேன்புளோவில் அமெரிக்க மாணவிகளுக்காக நடந்த கோடைக்காலக் கலைப்பள்ளிக்கு அவர் விண்ணப்பித்தார். அவர் கறுப்பினப் பெண் என்று தெரிந்ததும் அமெரிக்கத் தேர்வுக் குழு அவரை நிராகரித்தது. தென்மாநில வெள்ளையின மாணவிகளுக்கு அவருடன் பயணம் செய்வதும் தங்குவதும் சங்கடமாக இருக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். அவர் வாய்மூடி இருக்கவில்லை, செய்தியைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுசென்றார். ஆனாலும் குழு தன் முடிவை மாற்றவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து ரோமில் படிக்க உதவித்தொகை கிடைத்தபோது பயணச் செலவுக்குப் பணம் சேரவில்லை. நியூயார்க்கில் கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த ஹார்லெம் பகுதியின் தெருப்பையன் ஒருவனைத் தொப்பி சாய்ந்த தலையோடும் கசங்கிய சட்டையோடும் வடித்த ‘காமின்’ என்ற சிற்பம்தான், 1929இல் ஒருவழியாக அவரைப் பாரிசுக்கு அனுப்பிவைத்தது.

நாடு திரும்பிய அவர், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே ஹார்லெமில் பயிற்சிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். துணிவு என்று நான் கருதுவது அங்கேதான் தென்படுகிறது. பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் கோபம் இருந்தது, அதற்கான நியாயமும் இருந்தது. ஆனால் கோபத்துக்கு ஆயுள் குறைவு. லாரன்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த நிகழ்ச்சி ஒன்றைக் கேளுங்கள். கலைஞர்களுக்கு வாரச் சம்பளம் தரும் அரசு வேலைத்திட்டம் ஒன்று அப்போது நடந்துகொண்டிருந்தது. அதில் சேர்க்க சாவேஜ் அவரை அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றார். 21 வயது நிரம்பவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். லாரன்ஸ் அதை அத்தோடு மறந்துவிட்டார். சாவேஜ் மறக்கவில்லை. ஓராண்டு காத்திருந்து, வயது நிரம்பியதும் அந்த இளைஞரை மறுபடியும் அதே அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று சேர்த்துவிட்டுத்தான் திரும்பினார். அது நடந்திராவிட்டால் தாம் ஓவியராகவே ஆகியிருக்கமாட்டோம் என்ற பொருளில் லாரன்ஸ் பேசியிருக்கிறார். வேறொருவரின் மகனுக்கு எப்போது வயது நிரம்பும் என்று நினைவில் வைத்திருப்பதற்கு வீரம் என்று யாரும் பெயர் சூட்டுவதில்லை. மூன்றே ஆண்டுகளில் லாரன்ஸ் 60 பலகைகளில் அந்த இடப்பெயர்வு வரிசையை வரைந்து முடித்தார்.

இனி நீங்கள் கேட்ட விலைக்கு வருகிறேன். 1937இல் ஹார்லெம் சமூகக் கலை மையத்தின் முதல் இயக்குநரானார் சாவேஜ். 1939ஆம் ஆண்டின் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக ஒரு சிற்பம் செய்யும் பணி வந்ததும் விடுப்பு எடுத்துக்கொண்டார். கறுப்பின மக்கள் தங்கள் தேசிய கீதமாகவே பாடிவரும், ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் எழுதிய பாடலை 16 அடி உயர யாழாக வடித்தார்: பாடும் இளையவர்கள் வரிசையாக நின்று நரம்புகளானார்கள், அவர்களைத் தாங்கிய இறைவனின் கை யாழின் உடலானது. எல்லாமே சுதை; வெண்கலத்தில் வார்க்கப் பணம் இல்லை. கண்காட்சி முடிந்ததும் மற்றக் கூடாரங்களோடு அதையும் இடித்துவிட்டார்கள். எஞ்சியவை அஞ்சலட்டைப் படங்களும், நினைவுப் பொருளாக விற்ற சிறிய உலோகப் பிரதிகளும்தான். திரும்பி வந்தபோது மையத்தில் அவர் இடத்தில் வேறொருவர் இருந்தார். கறுப்பினக் கலைஞர்களுக்கென்று அதே ஆண்டில் அவர் திறந்த காட்சிக்கூடமும் விரைவிலேயே மூடப்பட்டது.

இவற்றுள் எதையும் அவர் விரும்பிக் கொடுக்கவில்லை. வார்ப்புச் செலவையும், பாதுகாக்க ஓர் இடத்தையும் தர ஒருவரும் முன்வரவில்லை. அந்த இழப்பைத் தியாகம் என்று நாம் சொல்லிவிட்டால், தரத் தவறியவர்கள் கணக்கு பைசலாகிவிடும். மாணவர்களுக்குச் செலவிட்ட நேரம்தான் அவருடைய சிற்பங்களை அழித்தது என்று எண்ணவும் இடமில்லை. சுதை நொறுங்கியதற்கும் லாரன்ஸ் வளர்ந்ததற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

1945 வாக்கில் அவர் நியூயார்க் நகரை விட்டு சாகர்ட்டீஸ் என்ற சிற்றூருக்குப் போய்விட்டார். கோழி வளர்த்தார், காளான் பண்ணை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்த்தார், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் களிமண்ணில் பயிற்சி கொடுத்தார். 1962இல் காலமானார்.

நீங்கள் பார்த்தவை வரிசையில் இரட்டைப்படை எண் கொண்ட பலகைகள் மட்டுமே. அடுத்த முறை 58ஆம் பலகை முன் கொஞ்சம் நில்லுங்கள்: மூன்று சிறுமிகள் நமக்கு முதுகைக் காட்டியபடி கரும்பலகையில் எட்டி எட்டி எண்களை எழுதிக்கொண்டிருப்பார்கள். ஒற்றைப்படைப் பலகைகள் வாஷிங்டனில் ஃபிலிப்ஸ் சேகரிப்பில் உள்ளன. ‘காமின்’ சிற்பத்தின் சுதைப் பிரதி ஒன்றும் அதே நகரில், ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. வெண்கலம் என்று தோன்றும்படி வண்ணம் பூசியிருப்பார்.