லாஸ்கர் உலகச் சதுரங்கப் பட்டம் இழந்தது 1920-ஆ, 1921-ஆ?

உங்கள் கட்டுரைக்காகப் பார்த்த ஒரு பட்டியலில் 1921, இன்னொன்றில் 1920 என்றிருக்கிறதே, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். 1921 என்றே போடுங்கள். இமானுவேல் லாஸ்கர் ஹவானாவில் கியூப வீரர் கபாபிளாங்காவிடம் தோற்றது அந்த ஆண்டில்தான். 1894-இல் அப்போதைய சாம்பியன் ஸ்டைனிட்ஸை வென்றதிலிருந்து எண்ணினால், அவர் பட்டம் வைத்திருந்ததாக எல்லாரும் சொல்லும் 27 ஆண்டுக் கணக்கும் சரியாக வரும்.

உங்களைக் குழப்பிய இன்னொரு பட்டியலில் 1920 என்று இருப்பது அநேகமாக அச்சுப்பிழை இல்லை. அந்த ஆண்டே லாஸ்கர் பட்டத்தைக் கபாபிளாங்காவுக்கு விட்டுக்கொடுப்பதாக அறிவித்துவிட்டார். அப்புறம் ஆட இசைந்தபோதும், தன்னைச் சவால் விடுபவராகவே வைத்துக்கொண்டார். பிடிவாதக்காரர்!

அந்தப் பட்டியலில் 1921 போட்டிக்கு எதிரே சவால் விட்டவர் யார் என்று பாருங்கள். லாஸ்கர் என்றிருந்தால் காரணம் இதுதான். கபாபிளாங்கா என்றிருந்தால் வெறும் கவனக்குறைவு.

ஒன்று: உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே தொடங்கியதே 1924-இல்தான். அதற்கு முன் பட்டம் வைத்திருப்பவர் வைத்ததுதான் சட்டம். அதனால் 1920-ஐ அடியோடு தவறு என்று எழுதாமல் அடிக்குறிப்பில் சேருங்கள்.

ஹவானாவில் 14 ஆட்டங்களில் 4 தோல்வி, 10 டிரா, ஒரு வெற்றிகூட இல்லை. ஆனால் 1924 நியூயார்க் போட்டியில் அதே கபாபிளாங்காவை முந்தி முதலிடம் பிடித்தார், 55 வயதில். உங்கள் கட்டுரையை 1921-ஓடு நிறுத்திவிடாதீர்கள்.