கேட்பவர் எங்கே போனார்?

அன்புள்ள ஐயா,

இதழியல் படித்துவிட்டு நாலு வருடமாக ஒரு தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சியில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். வெளிநாட்டு அரசு ஒன்றின் பணத்தில் நடக்கும் செய்தி நிறுவனம் தன் தமிழ்ப் பிரிவுக்கு என்னை அழைத்திருக்கிறது. டெல்லியில் வேலை. சம்பளம் இப்போது வாங்குவதைப்போல இரண்டரை மடங்கு. நண்பர்கள் ‘அந்நிய நாட்டுக்குக் கூலி வேலை’ என்கிறார்கள். அமெரிக்காவே தன் அரசு வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவை மூடப் பார்த்ததே, இதெல்லாம் வெறும் பிரச்சாரம்தான் என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்? பிபிசி, கத்தாரின் அல் ஜசீரா, ரஷ்யாவின் ஆர்டி எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தானே? அரசாங்கத்தின் காசை வாங்கிக்கொண்டு நேர்மையாகச் செய்தி சொல்ல முடியுமா? தங்கையின் கல்விக் கடன் என் தலையில் இருக்கிறது (இதை எழுதுவதற்கு மன்னிக்கவும்). நான் போகலாமா, வேண்டாமா?

க., திருச்சி

அன்புள்ள க.,

கொஞ்ச நாட்களாக சைப்ரஸ் தீவில் இருந்த ஒரு வானொலி நிலையத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் நண்பர்களை விடுங்கள். இப்போது நீங்கள் வேலை பார்க்கும் தொலைக்காட்சியின் முதலாளிக்கு வேறென்ன தொழில்கள், ஆட்சி மாறினால் எந்தச் செய்தி கடைசிக்குத் தள்ளப்படும் என்பதெல்லாம் அந்த நண்பர்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கே வாங்குவது மட்டும் தட்சிணையா?

‘ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்’ என்ற வரிக்குப் பதில் எழுதப்போவதில்லை. டீக்கடையில் சொல்லலாம். செய்தி ஆசிரியர் எழுதக் கூடாது.

ஆனால் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது கோபம் வந்தது. நடந்ததை அப்படியே தலைகீழாக்கியிருக்கிறீர்கள். 2025 மார்ச் 14 அன்று, அதன் தாய் நிறுவனத்தைச் சுருக்கும் உத்தரவில் டிரம்ப் கையெழுத்திட்டார். மறுநாள் ஏறக்குறைய 1,300 பேரைக் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள். 83 வருடங்களில் முதல்முறையாக அந்தக் குரல் அடங்கியது. அன்றைக்கு வெள்ளை மாளிகை வெளியிட்ட அறிக்கையின் தலைப்பு என்ன தெரியுமா? ‘தீவிர அமெரிக்காவின் குரல்’. அதாவது, இது நமக்காகப் பேசவில்லை, நம்மையே குறை சொல்கிறது என்பது அவர்களின் புகார். பிரச்சாரம் செய்ததற்காக மூடப்பட்ட நிலையம் என்று உங்களுக்குப் படுகிறது. பிரச்சாரம் என்ற சொல் அந்த அறிக்கையிலும் இருக்கிறது, ஆனால் தங்களுக்கு எதிரான பிரச்சாரம் என்ற பொருளில். தங்கள் பக்கம் பேசவில்லை என்பதுதான் அவர்களின் கோபம். உத்தரவு இணையத்தில் கிடைக்கிறது, அறிக்கையும் கிடைக்கிறது. இரண்டையும் படிக்காமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். பெய்ஜிங்கின் அரசு சார்பு நாளிதழான குளோபல் டைம்ஸ் அப்போது குதூகலித்துத் தலையங்கம் எழுதியது. அதையாவது பார்த்திருக்கலாம்.

சரி, அது போகட்டும். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது வேறொன்று உறுத்தியது. பணம் கொடுக்கும் அரசு இருக்கிறது, வேலைக்குப் போகும் நீங்கள் இருக்கிறீர்கள், கூலி என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். கேட்பவர் எங்கே? ஒரு வரியில்கூட அவர் இல்லை. இந்த விஷயத்தில் பேசும் எல்லோரும் செய்யும் தவறு இது. அரசு பேசுகிறது, ஜனங்கள் வாயைப் பிளந்து நம்புகிறார்கள் என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

என் பெரியப்பா தொண்டியில் பள்ளி ஆசிரியராக இருந்தார். எதிர்க்கரையில் சண்டை நடந்த தொண்ணூறுகளில் அவர் வீட்டுத் திண்ணை ஒரு செய்தி அறை மாதிரிதான் இருந்தது. மாலையில் ஆகாசவாணியின் டெல்லிச் செய்தி, பிறகு கொழும்பு, சில நாள் இரைச்சலுக்கு நடுவே புலிகளின் குரல். கொழும்பு சொல்லும் இறந்தவர் எண்ணிக்கையையும் புலிகள் சொல்வதையும் காலண்டர் தாளின் பின்புறம் எழுதி வைப்பார். ராத்திரி ஒன்பதே காலுக்கு லண்டன், அதாவது பிபிசியின் தமிழோசை. அகதிகள் முகாமில் இருந்த இரண்டு மூன்று பேர் அந்த நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவார்கள், அவர்களுக்கு அது ஊர்க் கடிதம். லண்டன் சொல்வதை வைத்துப் பெரியப்பா மற்ற இரண்டு எண்களைத் திருத்துவார். லண்டனையும் சும்மா விடமாட்டார். ‘இன்னைக்கு வெள்ளைக்காரன் மழுப்புறான்டா’ என்பார். அவருக்கு ஒரு விதி இருந்தது: யாழ்ப்பாணத்துக்கு லண்டனைக் கேள், அயர்லாந்துக்கு லண்டனைக் கேட்காதே.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1988இலிருந்து 1994 வரை, வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரிக்கக் கோரிய ஷின் ஃபெய்ன் கட்சிக்காரர்களின் குரலை ஒலிபரப்ப பிரிட்டிஷ் அரசு தடை போட்டிருந்தது. அதன் தலைவர் ஜெரி ஆடம்ஸ் பேசுவது பிபிசி திரையில் தெரியும், வார்த்தைகளை ஒரு நடிகர் வாசிப்பார். அந்தக் கேலிக்கூத்து நடந்த அதே வருடங்களில் அதே நிறுவனத்தின் தமிழ்ப் பிரிவுக்காக, மின்சாரம் அறுந்து பேட்டரிக்கும் தடை இருந்த யாழ்ப்பாணத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு மின்சாரம் எடுத்தார்கள். கை வலிக்க வலிக்கச் சுற்றி ஒருவர் செய்தி கேட்கிறார் என்றால் அவர் ஏமாளியாக இருக்க முடியாது. எதற்காகச் சுற்றுகிறோம் என்று அவருக்குத் தெரியும்.

வெளிநாட்டு அரசின் வானொலிக்குக் காது கொடுக்க வைப்பது உள்ளூர் மௌனம். இதை நான் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அதனால் இன்னொரு முறை சொல்கிறேன். 1984 அக்டோபர் 31 காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டார். அவர் இறந்துவிட்டதை பிபிசி பகலிலேயே சொல்லிவிட்டது, ஆகாசவாணி மாலை வரை சொல்லவில்லை. மேற்கு வங்கத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த ராஜீவ் காந்தியே பிபிசியைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிரதமரின் மகன், தன் அம்மாவைப் பற்றி, தன் நாட்டு வானொலியை விட்டுவிட்டு! சோவியத்தில் இன்னும் மோசம். லண்டனின் பிபிசி, வாஷிங்டனின் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா, ம்யூனிக்கிலிருந்து அமெரிக்கப் பணத்தில் நடந்த ரேடியோ லிபர்ட்டி ஒலிபரப்புகளின் மேல் இரைச்சலைக் கொட்டி அமுக்குவதற்குப் பல பத்தாண்டுகளாக ஊர் ஊராகக் கோபுரம் கட்டியிருந்தார்கள். 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது ஜனங்கள் அந்த இரைச்சலுக்குள்தான் காதை வைத்துத் தேடினார்கள். 1991 ஆகஸ்டில் ஆட்சியைக் கவிழ்க்க முயன்றவர்கள் சோவியத் அதிபர் கோர்பச்சேவைக் கிரிமியாவின் ஃபோரோஸ் மாளிகையில் அடைத்துத் தொலைபேசியைத் துண்டித்தபோது, காவலர்கள் எப்படியோ தேடிப்பிடித்த ரேடியோவில் அவர் கேட்டது எதை? பிபிசி, ரேடியோ லிபர்ட்டி, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா. சொந்த அரசு எதிரி என்று சொல்லி அமுக்கிய மூன்றையும்.

ஆகவே, ‘ஏன் அந்நியன் நமக்குச் செய்தி சொல்கிறான்’ என்று பொங்கும் நண்பர்கள் முதலில் உள்ளூர்க்காரன் ஏன் சொல்லவில்லை என்று கேட்கட்டும்.

அந்நியன் தர்மத்துக்குச் செய்கிறான் என்று நான் சொல்லவில்லை. 1941 மே மாதம் லண்டன் தமிழில் பேசத் தொடங்கியது போருக்காக. பெய்ஜிங் 1963 ஆகஸ்டில் தமிழில் பேசத் தொடங்கியபோது இந்திய எல்லையில் சண்டை நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சீன அறிவிப்பாளர்கள் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு தூய தமிழில் பேசினார்கள், இங்கே ஊர் ஊராக நேயர் மன்றங்கள் இருந்தன, காலண்டர் எல்லாம் வந்தது. பெரியப்பாவும் கடிதம் போட்டிருக்கிறார். ஆனால் செய்திக்காக அவர் அந்த அலைவரிசைக்குப் போனதே இல்லை. அந்தத் தமிழ் இனிமையாக இருக்கிறது என்பார், அவ்வளவுதான். 1989இல் பெய்ஜிங்கின் தியனன்மென் சதுக்கத்தில் போராடிய மாணவர்களை ராணுவம் சுட்டதைப் பற்றி அறிய அங்கே போகக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இப்போது சைப்ரஸ். ஷார்க் அல் அத்னா என்று ஒரு அரபு வானொலி லிமசோல் அருகே இருந்தது. வெளிப்பார்வைக்கு வர்த்தக நிலையம், உள்ளே பிரிட்டிஷ் உளவுத்துறை. நல்ல பாட்டு, நல்ல நாடகம், அரபு உலகமே கேட்டது. பணியாளர்களில் நிறையப் பேர் பாலஸ்தீனர்கள். 1956 அக்டோபர் இறுதியில், எகிப்து தேசியமயமாக்கிய சூயஸ் கால்வாய்க்கான போர் வந்தது. பிரிட்டிஷ் அரசு நிலையத்தை நேரடியாக எடுத்துக்கொண்டு ‘பிரிட்டனின் குரல்’ என்று பெயர் மாற்றி, எகிப்தியர்களை மிரட்டும் ஒலிபரப்பைத் தொடங்கியது. அரபு ஊழியர்களில் பெரும்பாலோர் வேலை செய்ய மறுத்துவிட்டார்கள். ஆங்கிலேய இயக்குநரே அவர்கள் பக்கம் நின்றார், அவரை வீட்டுக்காவலில் வைத்தார்கள். நிலையம் பிறகு எழவேயில்லை. 1957இல் அதன் ஒலிபரப்புக் கருவிகள் பிபிசிக்குப் போயின.

அந்த ஊழியர்களைப் பற்றித்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை யாருடைய காசு என்று அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் வேலை பார்த்திருப்பார்கள், பாட்டுப் போட்டிருப்பார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்திருப்பார்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை. அந்த வாரம் மைக்கின் மறுபக்கம் இருந்தது அவர்களுடைய அண்ணன் தம்பிகள். அதனால் எழுந்து போனார்கள்.

அதே வாரம் லண்டனில் வேறு கதை. பிபிசியின் அரபுப் பிரிவு, போரை எதிர்த்து லண்டனில் நடந்த போராட்டத்தையும் எதிர்க்கட்சித் தலைவர் கெய்ட்ஸ்கெல் பேசியதையும் சேர்த்தே சொன்னது. பிரதமர் ஈடன் கொதித்துப்போனார். மானியத்தில் பத்து லட்சம் பவுண்டை வெட்டுவோம் என்றார்கள், வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவரை பிபிசி வெளிநாட்டு ஒலிபரப்பின் அலுவலகமான புஷ் ஹவுஸில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அந்தப் பிரிவுக்கு இந்தப் பழக்கம் பிறவியிலேயே உண்டு. இத்தாலியின் பாரி நகரிலிருந்து அரபியில் பேசிய முசோலினியின் வானொலிக்குப் போட்டியாக 1938 ஜனவரி 3 அன்று தொடங்கியபோது, முதல் செய்தியறிக்கையிலேயே பிரிட்டிஷார் ஒரு பாலஸ்தீன அரபியைத் தூக்கிலிட்டதை வாசித்தார்கள். காசு கொடுத்த அரசுக்கு எப்படி இருந்திருக்கும்! எந்த மொழியில் பேசலாம் என்பதை வெளியுறவுத் துறை முடிவு செய்யும், என்ன பேசுவது என்பதை ஆசிரியர்கள் முடிவு செய்வார்கள் என்ற ஏற்பாடு இப்படிச் சண்டை போட்டுப் போட்டுத்தான் உறுதிப்பட்டது.

ஆக, ‘அரசாங்கத்தின் காசை வாங்கிக்கொண்டு நேர்மையாக இருக்க முடியுமா’ என்ற கேள்வியை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டுப் பயனில்லை. உங்களை அழைத்த நிறுவனத்துக்குப் பழைய செய்திகளின் தொகுப்பு இருக்கும். அந்த நாடு மிகவும் வெட்கப்பட்ட வாரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ஒரு போர், ஒரு ஊழல், ஒரு படுகொலை. அந்த வாரம் அவர்கள் தமிழில் என்ன போட்டார்கள் என்று தேடுங்கள். ஆங்கிலத்தில் போட்டதைத் தமிழில் விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள், திருட்டு பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் போகாதீர்கள். நாலு வருடம் செய்தி அறையில் குப்பை கொட்டியவருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

ரேடியோ ஃப்ரீ ஏசியாவின் உய்கூர் பிரிவைப் பற்றியும் தேடிப் படியுங்கள். முழுக்க அமெரிக்க அரசின் பணம். சீனாவின் சின்ஜியாங் பகுதியில் உய்கூர் முஸ்லிம்களை அடைத்துவைத்த முகாம்களை உலகுக்கு முதலில் சொன்னவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். அதற்காக அந்த நிருபர்களின் அக்கா தம்பிகளைச் சீனா பிடித்துச் சிறையில் போட்டது. பணம் நின்றுபோனதால் 2025 அக்டோபர் இறுதியில் அந்த நிறுவனம் செய்திப் பணியையே நிறுத்தியது. கூலி என்ற சொல்லை உங்கள் நண்பர்கள் அந்த நிருபர்களிடம் போய்ச் சொல்லட்டும்.

தங்கையின் கடனைப் பற்றி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். எதற்கு? கடிதத்தில் அலட்டல் இல்லாமல் இருந்தது அந்த ஒரு வரிதான். அவள் படிப்பை முடிக்கட்டும். தொகுப்பைத் தேடிப் பார்த்து மனசுக்குச் சரி என்று பட்டால் போய்ச் சேருங்கள். சம்பளம் பேசும்போது இரண்டரை மடங்கு என்றதும் தலையாட்டிவிடாதீர்கள், டெல்லியில் ஒழுங்கான ஒரு அறைக்கு என்ன வாடகை என்று அங்கே இருப்பவர்களிடம் விசாரித்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.