விவால்டியின் 'குளிர்கால' லார்கோ: மெட்ரோனோமில் என்ன எண் வைப்பது?

கேள்வி: வயலின் கற்கும் என் மகளுக்கு இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் 'குளிர்காலம்' கான்செர்ட்டோவின் (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது) நடுப்பகுதியைக் கொடுத்திருக்கிறார்கள். லார்கோ என்றால் மெதுவாகத்தான் வாசிக்க வேண்டும் என்று ஆசிரியர் மெட்ரோனோமை (தாளம் தட்டிக் காட்டும் கருவி) 30-இல், அதாவது நிமிடத்துக்கு 30 தட்டு என்று, வைக்கச் சொல்கிறார். யூடியூபில் கேட்டால் சிலர் அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் போகிறார்கள். ஒரு பதிவில் சுருதியே எங்கள் கீபோர்டோடு சேரவில்லை. எதைப் பின்பற்றுவது?

பதில்: முதலில் ஒரு சின்னக் கணக்கு. இந்தப் பகுதி மொத்தம் 18 பார் (தாளக் கட்டம்). பாருக்கு 4 பீட் (தட்டு), ஆக 72 பீட். திரும்ப வாசிக்கும் இடம் எதுவும் கிடையாது. 30-இல் வாசித்தால் 2 நிமிடம் 24 விநாடி, 60-இல் வாசித்தால் 1 நிமிடம் 12 விநாடி. எந்தப் பதிவு கையில் கிடைத்தாலும் அதன் நீளத்தைப் பார்த்தே வேகத்தைக் கண்டுபிடித்துவிடலாம். நல்ல கலைஞர்களின் பதிவுகள் இந்த இரண்டு ஓரங்களையும் தொடுகின்றன, ஆகவே நீங்கள் குழம்பியதில் வியப்பில்லை.

விவால்டி எண் எதையும் எழுதி வைக்கவில்லை. அவர் இறந்தது 1741-இல். மெல்ட்ஸெல் என்பவர் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை வாங்கியது 1815-இல். அந்தக் காலத்து எண் ஏதாவது வேண்டுமென்றால் குவான்ஸ் என்ற ஜெர்மானியப் புல்லாங்குழல் கலைஞர் 1752-இல் எழுதிய நூலைப் பார்க்கலாம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 முறை துடிக்கும் நாடியை அளவாக வைத்து, பாடுவதுபோல் போகும் மெதுவான பகுதியில் ஒரு துடிப்புக்கு அரை பீட் என்கிறார். அதாவது நிமிடத்துக்கு 40 பீட். அவர் இத்தாலியர் இல்லை, விவால்டிக்கு அடுத்த தலைமுறை. அதனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் 30 என்பது அன்றைய காதுக்கும் ரொம்ப மெதுவாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

என்னைக் கேட்டால், வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியது மேலே எழுதியிருக்கும் லார்கோ அல்ல, கீழே பெய்யும் மழை. 1725-இல் ஆம்ஸ்டர்டாமில் இந்தக் கான்செர்ட்டோக்கள் அச்சானபோது ஒவ்வொன்றோடும் ஒரு சானெட் கவிதை சேர்ந்து வந்தது. இந்தப் பகுதிக்கான வரிகளின் சாரம் இதுதான்: வெளியே மழை ஊரையே நனைத்துக்கொண்டிருக்க, உள்ளே கணப்பருகே நிம்மதியாகப் பொழுது போகிறது. தனி வயலின்தான் அந்த நிம்மதி. மற்ற வயலின்கள் வில்லை வைத்துவிட்டு விரலால் மீட்டும் பிட்சிகாட்டோதான் மழை. மீட்டிய சுரம் நிற்காது, உடனே செத்துவிடும். 30-இல் போனால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கும். குழாய் சொட்டுவது மாதிரி இருக்குமே தவிர மழையாக இருக்காது. 60-க்கு மேல் போனால் மழை சரியாக இருக்கும், ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு ஏதோ அவசரம் போலத் தோன்றும்.

மெதுவாக வாசிக்கும் பெரிய கலைஞர்கள் இடைவெளியை அலங்காரச் சுரங்களால் நிரப்புகிறார்கள். உங்கள் மகள் இப்போதைக்கு அதைக் காப்பியடிக்க வேண்டாம். மாணவர்களுக்கு நான் சொல்வது 44 முதல் 50 வரை. 48 வைத்தால் சரியாக ஒன்றரை நிமிடத்தில் முடியும், வில்லும் தாங்கும். இவ்வளவு மெதுவான பீட்டுக்கு இடையில் குழந்தைகள் நழுவிவிடுவார்கள், அதனால் மெட்ரோனோமை 96-இல் வைத்து அரை பீட்டாக எண்ணச் சொல்லுங்கள். மெட்ரோனோம் இல்லாத நேரத்தில், முதல் வாக்கியத்தை ஒரே மூச்சில் முணுமுணுத்துப் பார்க்கட்டும். மூச்சு திணறினால் வேகம் போதவில்லை.

அடுத்தது ஸ்கேல், அதாவது பாட்டு எந்தச் சுர வரிசையில் போகிறது என்பது. கான்செர்ட்டோவின் முதல் பகுதியும் மூன்றாம் பகுதியும் எஃப் மைனர்: நடுக்கம், பல் கிட்டுவது, பனிக்கட்டியில் வழுக்குவது எல்லாம் அங்கேதான். நடுப்பகுதி ஈ ஃப்ளாட் மேஜர் (ஃப்ளாட் என்றால் அந்தச் சுரத்துக்கு அரைச் சுரம் கீழே). வழக்கப்படி எஃப் மைனருக்கு உறவான (அதே சுரங்கள் கொண்ட) ஏ ஃப்ளாட் மேஜருக்குப் போயிருக்கலாம். விவால்டி அதை விட்டு இங்கே வந்திருக்கிறார். வயலினில் இதற்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஜி, டி, ஏ, ஈ என்ற நான்கு தந்திகளில் ஏ, ஈ இரண்டும் இந்த ஸ்கேலில் இல்லை, அவற்றின் ஃப்ளாட்தான் உண்டு. மேல் தந்திகளின் திறந்த ஒலி கலக்காததால் நாதம் கொஞ்சம் மூடி, கதகதப்பாக வரும்.

விரல் தப்புவதும் இங்கேதான். டி தந்தியில் ஈ ஃப்ளாட்டுக்கு முதல் விரலை நட்டுக்கு (கழுத்தின் நுனியில் தந்திகள் படியும் சின்னக் கட்டை) நெருக்கமாகப் பின்னால் இழுக்க வேண்டும். பழக்கத்தில் அது மேலே போய் ஈ ஆகிவிடும். மூன்றாம் விரல் ஜி-யில் இருக்க, நான்காம் விரல் அதை ஒட்டியே ஏ ஃப்ளாட்டில் விழ வேண்டும். மெட்ரோனோமைத் தொடும் முன்பே இந்த இரண்டு இடத்தையும் சரிசெய்துவிடுங்கள். (கர்நாடக சங்கீதம் தெரிந்த வீடென்றால், இரண்டரைக் கட்டையில் சங்கராபரணச் சுரங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பாட்டு நடுவில் பி ஃப்ளாட்டுக்கு நகர்ந்து அங்கே குடியேறும், அப்போது அந்தக் கணக்கு உதவாது.)

சுருதி சேராத அந்தப் பதிவு பழைய பாணி வாத்தியங்களில் வாசித்ததாக இருக்கும். அவர்களில் பலர் ஏ சுரத்தை 440-க்குப் பதில் 415 ஹெர்ட்ஸில் வைப்பார்கள், ஏறக்குறைய அரைச் சுரம் கீழே. அதனால்தான் ஈ ஃப்ளாட் உங்கள் கீபோர்டில் டி போலக் கேட்கிறது. வேடிக்கை என்னவென்றால், 415 என்பது இன்றைய கலைஞர்கள் வசதிக்காக ஒத்துக்கொண்ட அளவு. வெனிஸில் அன்று சுருதி உயர்ந்தே இருந்ததாகக் குவான்ஸே எழுதியிருக்கிறார். மகளின் வயலினை இதற்காக இறக்க வேண்டாம், கூட வாசித்துப் பழக 440-இல் உள்ள பதிவையே எடுங்கள்.

ஆசிரியரிடம் இதை எதிர்வாதமாகக் கொண்டுபோக வேண்டியதில்லை. புதிதாகக் கற்கும் வாரங்களில் 30 நல்ல வேகம்தான். மேடைக்கு என்ன வேகம் என்பதை மட்டும் அப்புறம் கேளுங்கள், கூடவே பியானோ வாசிப்பவரையும் உட்கார வைத்துக்கொண்டு.